சுற்றுலா பாசில் கொழுந்து பறிக்கவா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசாவின்றி 30 நாள் மலேசியா வரலாம். கேமரன் மலையைக் கண்டு மகிழ வருவோரை வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சலுகையைத் தூண்டிலாக்கி, "முதலில் வா, பெர்மிட் பிறகு" என்று ஆள் பிடிக்கிறானே ஏஜெண்டு, அவன் யார்? பழைய கங்காணியின் வாரிசே! 1938-ல் இந்தியா தடுத்த ஆள்பிடிப்பு இன்று விமானமேறி வருகிறது.

சுற்றுலா பாசில் வேலை செய்வது குற்றம். 30 நாள் கழிந்தால் பாசும் செத்தது. அகப்படுபவன் தொழிலாளி, காசு பார்ப்பவன் ஏஜெண்டு. பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் என்கிறது குடிநுழைவுச் சட்டம். அது முதலில் பங்களாப் படியேறட்டும். பிறகு லயத்துக்கு வரட்டும்!

தோழர்களே! ஊரிலுள்ள உறவினருக்கு இன்றே சொல்லுங்கள்: பெர்மிட் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்!