பிரிண்ட் கொடுக்கும் முன் ஒரு வரி

 

தவணைப் பரீட்சை நெருங்கினால் மலையகப் பாடசாலைகளில் வினாத்தாளைத் தயாரிப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுகிறோம் என்றால், அதை அடித்து எடுப்பதைப் பற்றி மூன்று நாள் பேசுகிறோம். பேப்பர் யார் வாங்குவது, டோனர் யார் நிரப்புவது, பிள்ளைக்கு எவ்வளவு சேர்ப்பது. கோணக்கலை, எல்டெப், மீதும்பிட்டிய, ஹொப்டன் பக்கமிருந்து வரும் பிள்ளையிடம் "பேப்பர் காசு கொண்டு வா" என்று சொல்வது எங்கள் வாய்க்குச் சுலபம். அந்த வீட்டில் அது கொழுந்துக் கணக்கு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற ஒரு எண்ணுக்காக எத்தனை வருடம் போராடி, 2021 இல் அது வர்த்தமானியில் வந்தது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் இன்று எழுதப்போவது பிரிண்டரைப் பற்றி. சிரிக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், 9 பாடங்கள், பாடத்துக்கு 8 பக்கம். மொத்தம் 2880 பக்கம். ஒற்றைப் பக்கமாக அடித்தால் 2880 தாள், அதாவது ஆறு ரீமுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் அடித்தால் 1440 தாள், மூன்று ரீமுக்குள் முடியும். ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களைச் சுருக்கி, இரு புறமும் அடித்தால் 720 தாள், ஒன்றரை ரீம் கூட இல்லை. அதே வினாத்தாள், அதே பிள்ளைகள், அதே இயந்திரம். மாறுவது இரண்டு செட்டிங் மட்டும்.

அந்தச் செட்டிங் பிரிண்ட் பெட்டியிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் வேர்டில் ஒரு இடத்தில் இருக்கும், பிடிஎஃப் திறக்கும் மென்பொருளில் இன்னொரு இடத்தில் இருக்கும், பிரிண்டரின் 'ப்ரொபர்டீஸ்' உள்ளே மூன்றாவது இடத்தில் ஒளிந்திருக்கும். ஒரே கணனியைப் பன்னிரண்டு ஆசிரியர்கள் பாவித்தால் பன்னிரண்டு விதமாக வரும். தாள் அளவு 'லெட்டர்' என்று கிடந்தால் ஏ4 வினாத்தாளின் கடைசி வரி வெட்டுப்பட்டு, புள்ளிகள் எத்தனை என்று போட்ட இடமே காணாமற் போகும். அதற்குப் பிறகு முழுக் கட்டையும் மறுபடி அடிக்க வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான்: பாடசாலை அச்சு வேலையைக் கட்டளை வரிக்குக் கொண்டு வர வேண்டும். மவுஸால் தேடும் பெட்டியை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். ஒரு வரி என்றால் அதைக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம், நாளை இடமாற்றத்தில் வரும் புது டீச்சரும் அதே வரியைத் தட்டினால் அதே மாதிரித் தாள் வரும்.

லினக்ஸ், மாக் இரண்டிலும் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற ஏற்பாடு. 1999 இல் வெளிவந்தது, 2007 இல் ஆப்பிள் வாங்கியது, இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மடிக்கணனி ஒன்றில் உபுண்டு போட்டிருந்தால் போதும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலியைத் தமிழில் எழுதுகிறோம்.) முதலில் 'எல்பீஸ்டாட் -பீ -டீ' என்று தட்டினால் எந்தெந்தப் பிரிண்டர் இருக்கிறது, வழக்கமானது எது என்று சொல்லும். 'எல்பீஆப்ஷன்ஸ் -எல்' என்று தட்டினால் அந்த இயந்திரத்துக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் போடும். நட்சத்திரக் குறி போட்டிருப்பது இப்போது இருக்கும் தெரிவு. இரு பக்கமும் அடிக்கக்கூடிய மெஷினா இல்லையா என்று கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை, அதுவே சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு வேலை ஒரு வரிதான்: 'எல்பீ -என் 37 -ஓ மீடியா=ஏ4 -ஓ சைட்ஸ்=டூ-சைடட்-லாங்-எட்ஜ் -ஓ கொலேட்=ட்ரூ கணிதம்.பிடிஎஃப்'. முப்பத்தேழு பிரதி, ஏ4, இரு பக்கம், ஒவ்வொரு பிரதியும் அடுக்காக. எடுத்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டியதுதான். இரண்டு பக்கங்களை ஒன்றாக்க 'நம்பர்-அப்=2' சேர்க்க வேண்டும். அப்போது தாள் படுக்கையாகத் திரும்புவதால் லாங்-எட்ஜ் கொடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரக்கூடும், ஷார்ட்-எட்ஜ் கொடுத்துப் பாருங்கள். முப்பத்தேழு என்று போடும் முன் ஒன்று என்று போட்டு ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு விடயத்தில் நாங்கள் கடுமையாக இருப்போம். சிக்கனம் என்று சொல்லிப் பிள்ளையின் கண்ணில் கை வைக்கக் கூடாது. ஏ4 பக்கத்தை அரைவாசித் தாளில் அடக்கினால் எழுத்து ஏறக்குறைய நூற்றுக்கு 71 ஆகச் சுருங்கும். 12 புள்ளியில் தட்டச்சிட்டது எட்டரையாகும். ஆங்கிலத்துக்கு அது சமாளிக்கும், தமிழுக்குச் சமாளிக்காது. எங்கள் எழுத்தின் உயிரே அந்தச் சின்னப் புள்ளியில் இருக்கிறது. சுருக்கியதோடு 'பிரிண்ட்-குவாலிட்டி=3' என்ற டிராஃப்ட் தரமும் சேர்ந்தால் 'பல்' 'பல' ஆகும், 'கண்' 'கண' ஆகும், 'மண்' 'மண' ஆகும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு முழிக்கும், நாங்கள் பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று எழுதிவிடுவோம். ஆரம்பப் பிரிவுக்கு இந்தச் சுருக்கமே வேண்டாம். புவியியல் வரைபடத்துக்கும் வேண்டாம். மேல் வகுப்புக்கு வேண்டுமானால் முதலிலேயே 16 புள்ளியில் தட்டச்சிட்டு, தரத்தை 4 இல் வைத்துச் சுருக்கலாம்.

பாமினியையும் சொல்ல வேண்டும். எங்கள் வினாத்தாள்களில் பெரும்பங்கு இன்னும் பாமினியில்தான் தட்டச்சாகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் கொட்டிக் கிடக்கும். தட்டச்சிட்ட கணனியிலேயே எழுத்துருவையும் உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால், எங்கே அடித்தாலும் தமிழ் தமிழாக வரும். யூனிகோடுக்கு மாறுவது இன்னும் நல்லது. அது தனிப் பஞ்சாயத்து.

பெரும்பாலான இடங்களில் இருப்பது தானாகத் தாளைப் புரட்டாத சின்னப் பிரிண்டர். அதற்கும் வழி உண்டு. 'பேஜ்-செட்=ஆட்' என்றால் 1, 3, 5 என்று ஒற்றைப் பக்கங்கள் மட்டும் வரும். அந்தக் கட்டைத் திரும்ப வைத்து 'பேஜ்-செட்=ஈவன்' என்றால் இரட்டைப் பக்கங்கள் பின்னால் விழும். வரிசை தலைகீழாகும் மெஷினுக்கு 'அவுட்புட்ஓர்டர்=ரிவர்ஸ்' சேர்க்கலாம். வினாத்தாள் ஐந்து பக்கம், ஏழு பக்கம் என்று ஒற்றையில் முடிந்தால் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது பிரதியிலிருந்து முன்பக்கம் ஒருவருடையது, பின்பக்கம் இன்னொருவருடையது என்று குழம்பிப்போகும். தாளை எந்தப் பக்கமாக வைப்பது என்பது மெஷினுக்கு மெஷின் வேறு. ஒரு தாளின் மூலையில் பென்சிலால் குறி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மின்வெட்டு எங்கள் ஊர்க் கதை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு அறிவித்தார்கள். அதே மாதம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் விட்டன. கொழும்பில் கடதாசி இல்லை என்றால்தான் அது செய்தி. பசறையில் அது எப்போதும் இருக்கும் நிலை. கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் நின்ற இடத்திலிருந்து தொடரும் என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாக அந்த வேலையை முதலிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கும். இருபது பிரதி ஏற்கனவே கையில் இருக்கும், இன்னும் முப்பத்தேழு வந்து விழும். ஆகவே கரண்ட் வந்ததும் முதலில் 'கேன்சல் -ஏ' தட்டிக் காத்திருக்கும் வேலைகளை நீக்கிவிட்டு, மிச்சம் எத்தனை என்று எண்ணி அதை மட்டும் கொடுக்க வேண்டும். பிரிண்டர் 'டிசேபிள்ட்' என்று அடம்பிடித்தால் 'கப்ஸ்எனேபிள்' என்று பெயரோடு தட்டினால் எழும்பும். மெஷின் பழுது என்று பதுளைக்குத் தூக்கிப்போகும் முன் இதைப் பாருங்கள்.

இரகசியம் பற்றியும் யோசிக்க வேண்டும். 2024 புலமைப்பரிசில் பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளிவந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எங்கள் தவணைப் பரீட்சை அவ்வளவு பெரிதல்ல, ஆனாலும் அடித்து முடித்த வினாத்தாளின் கோப்பைக் கப்ஸ் வழமையாக ஒரு நாள் தன்னிடம் வைத்திருக்கும். வேலை எண் தெரிந்தால் மறுபடி அடிக்கலாம். செட்டிங் கோப்பில் 'ப்ரிசர்வ்ஜொப்ஃபைல்ஸ் நோ' என்று ஒரு வரி சேர்த்தால் அது நின்றுவிடும். 'எல்பீ -எச் ஹோல்ட்' என்று கொடுத்தால் வேலை காத்திருக்கும். பொறுப்பான ஆசிரியர் மெஷின் பக்கத்தில் வந்து நின்று 'ரிசூம்' சொன்ன பிறகே தாள் வரும். நேரம் குறித்தும் வைக்கலாம், ஆனால் அது கிரீன்விச் நேரம் கேட்கும். காலை ஆறரைக்கு வேண்டுமென்றால் 01:00 என்று போட வேண்டும். ஐந்தரை மணி வித்தியாசத்தை மறந்தால் தாள் பகல் பன்னிரண்டுக்கு வரும்.

கப்ஸில் ஒருவருக்கு வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று எல்லை போடவும் முடியும். சில அதிபர்களுக்கு இது பிடிக்கும். எங்களுக்குப் பிடிக்கவில்லை. மேலதிகப் பயிற்சித்தாள் அடிக்கிற ஆசிரியர்தான் முதலில் அந்த எல்லையில் முட்டுவார், ஒன்றுமே அடிக்காதவருக்கு ஒரு கஷ்டமும் இராது. வீண்விரயத்தை மார்க்கம் விரும்புவதில்லை. அதற்காகப் படிப்பிக்கிறவரின் கையைக் கட்டச் சொல்லவில்லை. வழமையான தெரிவை இரு பக்கமாக மாற்றி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ரூட் ஆக 'எல்பீஆப்ஷன்ஸ்' கொடுத்தால் அந்தக் கணனியைப் பாவிக்கும் எல்லாருக்கும் அது வழமையாகிவிடும்.

எங்களிடம் விண்டோஸ்தானே என்பவர்களுக்கு: பவர்ஷெல்லில் 'செட்-பிரிண்ட்கொன்ஃபிகரேஷன்' என்ற கட்டளை இருக்கிறது. பிரிண்டர் பெயர், 'டூப்ளெக்ஸிங்மோட்', 'பேப்பர்சைஸ்' மூன்றையும் ஒரு வரியில் கொடுத்தால் மெஷின் அப்படியே நிற்கும். லினக்ஸ் போட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றி. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை என்ற அலகில் 'கட்டளை வரி இடைமுகம்' என்று படிப்பிக்கிறோம். வரைவிலக்கணம் எழுதினால் புள்ளி கிடைக்கிறது, ஒரு கட்டளைகூடத் தட்டாமல் பிள்ளை வெளியே போகிறது. அந்த அலகு வரும் கிழமையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே ஆரம்பப் பிரிவின் பயிற்சித்தாள்களை அடித்து எடுக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். வினாத்தாள் அல்ல, பயிற்சித்தாள். எத்தனை பிரதி, எத்தனை தாள், எவ்வளவு மிச்சம் என்று அவர்களே கொப்பியில் கணக்கு எழுதட்டும். மிச்சமான ரீமுக்கு அடுத்த தவணையில் எத்தனை வீட்டில் காசு கேட்காமல் விடலாம் என்பதையும் அவர்களே வகுத்துப் பார்க்கட்டும்.

உங்கள் பாடசாலை மெஷினில் 'எல்பீஆப்ஷன்ஸ் -எல்' என்ன சொல்கிறது என்று கீழே போடுங்கள். எந்த வரி பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம்.