வாயிலில் தமிழ்ப் பெயர்

ஊருக்குப் பெயரிடும் உரிமை அவ்வூரில் வாழ்வோருக்கே உண்டு. இணையம் என்னும் புதிய ஊரிலோ இம்முறைமை நெடுங்காலம் வழங்கவில்லை. 1983இல் வகுக்கப்பெற்ற அதன் பெயர் முறை, ரோமன் எழுத்துக்களையும் எண்களையும் ஒரு சிறு கோட்டினையுமே ஏற்றது. ஆதலின், தமிழர் தம் தளங்களுக்கு இட்ட பெயர்களையும் பிறமொழி எழுத்திலேயே பொறிக்க வேண்டியதாயிற்று. ரோமன் எழுத்தில் பள்ளிக்கும் பல்லிக்கும் வேறுபாடு ஏது?

பிற எழுத்துக்களிலும் நாட்டுப் பெயர்கள் அமைவதற்கு, இம்முறையை மேற்பார்வை செய்யும் ஐக்கான் நிறுவனம் 2009இல் வழி திறந்தது. 2010இல் நம் நாட்டு முகவரிகளுக்கு ‘இலங்கை’ என்னும் தமிழ் ஈறும், ‘லங்கா’ என்னும் சிங்கள ஈறும் கிடைத்தன. இதன் அருமையை நாம் உணர்ந்தோமா? 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என அரசியலமைப்பு கூறுவதற்கு 1987 வரை காத்திருந்தோம். சட்டத்தில் முப்பத்தோராண்டு பின்தங்கிய மொழி, இணையத்தில் அதே ஆண்டிலேயே இடம்பெற்றது.

பெற்றதை நாம் ஆளுகின்றோமா? பெயர்ப் பலகையில் தமிழ் பிழைபட்டால் முறையிடுகின்றோம், அது நியாயமே. ஆயினும், நம் பாடசாலைகளும் சங்கங்களும் தூய தமிழில் அழைப்பிதழ் அச்சிட்டு, அடியில் இணைய முகவரியை மாத்திரம் ஆங்கில எழுத்தில் இடுவதையே பெரும்பாலும் காண்கின்றோம்.

அயல்நாட்டார் தமிழில் தட்டெழுதி வருவாரோ என்பர் சிலர். ஒரு தளத்துக்கு இரு பெயர் இருத்தல் கூடும். ஒரு வீட்டுக்கு இரு வாயில் இருப்பதில்லையா? மின்னஞ்சற் சேவைகள் பல தமிழ் முகவரியை ஏற்பதில்லை என்பர் வேறு சிலர். உண்மையே. இயந்திரமும் உள்ளே நம் பெயரை ரோமன் குறிகளாக மாற்றியே கொண்டுசெல்கின்றது. ஆனால், ஆள்வோர் பெருகினாலன்றி இக்குறைகளைத் திருத்த எவர் முன்வருவார்?

மேலும், இணையப் பெயர் பொதுவாக முந்திப் பதிந்தவர்க்கே உரியது. காலந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பித்தாலே நிலைப்பது. நூற்றாண்டு கண்ட கல்லூரியொன்றின் பெயரை வேறொருவர் பதிந்த பின்னர் நாம் வருந்தி என்ன பயன்?

வழங்காத உரிமை நாளடைவில் மறக்கப்படும். நம் பாடசாலைகள் அடுத்து வெளியிடும் பரிசளிப்பு விழா மலர்களின் அட்டையிலேனும் தமிழ் முகவரியைக் காண்போமாக.