மாடியில் வீடு, மண்ணிற் பங்கு

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணியின் உறுதியைப் படித்தவர்கள் அதில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். தோட்டம் ஒருவருக்குத் தனித்துரியது. கிணறோ பங்காளர் அனைவருக்கும் பொது. தன் பங்குக் கிணற்றை வெட்டியெடுத்துச் செல்ல எவராலும் இயலாது. இறைப்பு முறையை மீறவும் எவருக்கும் அதிகாரமில்லை. இதனை அறிந்த கமக்காரருக்குத் தொடர்மாடி வீட்டின் சட்டம் விளங்காத மறைபொருளன்று. ஆயினும், ஊர்க்காணியை விற்றும் நகையை ஈடுவைத்தும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வாங்கும் நம்மவர் பலர், தாம் வாங்குவது யாதென வினவாமலே கையொப்பமிடுகின்றனர்.

நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தின்மேல் எழும் கட்டடம் நிலத்தையே சாரும். எனவே, மண்ணைத் தொடாத மூன்றாம் மாடிக்குத் தனியுரிமை கொண்டாட அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. இக்குறையை நீக்கவே 1970ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் அதற்குப் பதிலாக 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் ஆக்கப்பட்டன. பின்னையது 1982ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது.

இச்சட்டம் வாங்குவோருக்கு அளிப்பவை மூன்று. முதலாவது, நாற்சுவருக்குள் அமைந்த வீட்டின் தனியுரிமை. அதனை விற்கலாம், ஈடுவைக்கலாம், பிள்ளைக்குச் சீதனமாகவும் எழுதலாம். இரண்டாவது, நிலம், படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, நீர்த்தொட்டி ஆகிய பொதுக்கூறுகளிற் பிரிபடாத பங்கு. இப்பங்கு வீட்டோடு ஒட்டியது. வீட்டை வைத்துக்கொண்டு பங்கை மட்டும் விற்றல் ஆகாது. ஏனைய கூட்டுக்காணிகளுக்குப்போல் இதற்குப் பிரிவினை வழக்கும் இல்லை. மூன்றாவது, முகாமைக் கூட்டுத்தாபனத்தில் அங்கத்துவம். வீட்டுரிமையாளர் அனைவரும் சேர்ந்ததே அக்கூட்டுத்தாபனம். வழக்குத் தொடுக்கவும் தொடுக்கப்படவும் அதற்குத் தகுதியுண்டு. ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிக்கு ஏற்பப் பராமரிப்புப் பணத்தை அறவிடுவதும் அதுவே.

இம்மூன்றும் எப்பொழுது பிறக்கின்றன? கட்டடம் எழுந்தபோதன்று, பணம் கைமாறியபோதுமன்று. நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் சட்டப்படி பதிவானபோதே பிறக்கின்றன. அப்பதிவு இல்லாதவிடத்து, வாங்கியவர் கையிலிருப்பது வீட்டின் உறுதியன்று, கட்டியவரின் வாக்குறுதியே. அந்நிலையில், முழு நிலமும் கட்டியவரின் கடனுக்காக வங்கியில் ஈட்டிலிருக்குமாயின், வாங்கியவரின் கதி யாது? வாழ்நாள் முழுவதும் உழைத்துத் தேடிய முதல் அங்கே ஊசலாடுகின்றது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே: முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே, கட்டியவர் காட்டும் நொத்தாரிசை விட்டு உங்கள் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்திற் தேடுவியுங்கள். வரைபடம் பதிவாகியதா, ஈடு உண்டா, வாகனத் தரிப்பிடம் வீட்டைச் சேர்ந்ததா, பொதுவானதா என்பவற்றை எழுத்திற் பெறுங்கள்.

வீடு வாங்கியபின்னும் கடமை முடிவதில்லை. கூட்டத்துக்குப் போகாமலும் பராமரிப்புப் பணத்தைக் கட்டாமலும் இருந்துவிட்டு, மின்தூக்கி நின்றதென்று முறையிடுவதிற் பயனென்ன? கிணற்றைத் தூர்வாரும் நாளில் ஒளித்துக்கொண்ட பங்காளரை ஊர் மதிப்பதில்லை.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. அங்ஙனமாயின், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை ஒவ்வொரு கட்டடத்தின் விதிகளும் கூட்ட அறிவித்தல்களும் அங்கு வாழ்வோர் மொழியிலும் வழங்கப்படுமாறு செய்தல் வேண்டும். விளங்காத விதிக்குக் கட்டுப்படுமாறு ஒருவரைக் கேட்பது நீதியாகாது.

உரிமை உறுதியில் எழுதப்படுகின்றது. அதனைக் காப்பது உரியவரின் விழிப்பே.