சுத்தியல் கதையும் அரிஸ்டாக்சினஸும்

மறுபடியும் அந்தச் சுத்தியல் கதை! பித்தாகரஸ் கொல்லன் பட்டறை வழியா நடந்து போனாராம், அடிக்கிற ஓசை இனிமையா இருந்துச்சாம், உள்ள போய் சுத்தியல்களை எடை போட்டா 12, 9, 8, 6னு கணக்கா இருந்துச்சாம். உடனே இசைக்கணிதம் பிறந்துடுச்சாம். அறிவியல் எழுதக் கிளம்புற ஆளெல்லாம் இதைத்தான் முதல்ல எடுத்து விடறாங்க.

சாமிகளா, இது சுத்த உடான்ஸ். பாதி எடை சுத்தியலால அடிச்சா மேல் ஸ்தாயி வராது. வீட்டுக்கு வந்து அதே எடைகளைக் கம்பியில தொங்கவிட்டுச் சரிபார்த்தார்னு வேற ஒரு பிட்டு உண்டு. ஒரே மாதிரி ரெண்டு கிட்டார் கம்பியில ஒண்ணுல 1 கிலோ, இன்னொண்ணுல 2 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு மீட்டிப் பாருங்க. ச-வுக்கு மேல் ச வராது, பிரதி மத்தியமம்தான் கேக்கும். மேல் ச வேணும்னா 4 கிலோ கட்டணும். கம்பியோட நீளத்துக்கு அந்த விகிதம் சரி, எடைக்குச் சரியில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டுல நிகோமாக்கஸ் எழுதினதை ஆயிரம் வருஷத்துக்கு மேல காப்பியடிச்சாங்க. 16ஆம் நூற்றாண்டு கடைசியில கலிலியோவோட அப்பா வின்சென்சோ கலிலி வந்துதான் குட்டு உடைஞ்சது. அவரு லூட் வாசிக்கிறவர். காது இருந்துச்சு.

கோபம் கதை மேல இல்லை. இதுல அமுங்கிப் போன மனுஷனுக்காகத்தான் இந்தப் புலம்பல். டாரண்டம்காரர் அரிஸ்டாக்சினஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அப்பா இசைக்காரர். பித்தாகரஸ் கோஷ்டிகிட்டயே படிச்சுட்டு, அப்புறம் அரிஸ்டாட்டில்கிட்ட சேர்ந்தவர். அவர் சொன்னது ரொம்ப எளிமை: சுரத்தை முதல்ல காது கேக்கணும், கேட்டதை நினைவுல வச்சு அறிவு எடை போடணும். எண்ணை வச்சுக்கிட்டு காதுக்குக் கட்டளை போடாதே.

ச-விலிருந்து சுத்த மத்தியமம் வரை ரெண்டரை முழுச்சுரம்னார். விகிதக்காரங்க விடுவாங்களா? 9:8ஐ முழு எண்ணுல சரிபாதியா உடைக்க முடியாது, மிச்சம் 256:243, அது பாதிக்கும் கொஞ்சம் கம்மின்னு மல்லுக்கட்டினாங்க. கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா இன்னைக்குக் கீபோர்டுல எண்ணிப் பாருங்க: அஞ்சு அரைச்சுரம், அதாவது கச்சிதமா ரெண்டரை. (அவர்தான் கீபோர்டு சுருதியைக் கண்டுபிடிச்சார்னு கிளம்பிடாதீங்க, அது இன்னொரு உடான்ஸ் ஆயிடும்.)

453 நூல் எழுதினார்னு சுடாங்கிற பழைய கலைக்களஞ்சியம் சொல்லுது. நமக்குக் கிடைச்சது ஆர்மோனிக்ஸ்ல முழுசா இல்லாத மூணு பகுதி, தாளத்தைப் பத்தி ஒரு துண்டு, அங்கங்க சில சிதறல். ஒரு வரி உண்மை இல்லாத சுத்தியல் மட்டும் சேதாரமே இல்லாம வந்து சேர்ந்திருக்கு பாருங்க!