இறந்தவர் கணக்குக்குப் பொதுவான ஒரு ஆடிட்டர்

எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன கார்த்திகையில் காலமானார். காரியம் முடிந்த கையோடு பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று பேச்சு நடந்தது. ஆடிட்டர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும், "செத்தவருக்கு ஏதுக்கா வரி?" என்றான் மூத்த தம்பி.

அவன் கேட்டதில் பாதி சரி. இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மீதே விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1953இல் வந்து 1985இல் ஒழிந்தது. அப்பாவின் வீடோ வைப்புத்தொகையோ வாரிசு கைக்கு வரும்போது அதற்கு வருமான வரியும் கிடையாது. ஆனால், ஏப்ரல் 1 முதல் சித்தப்பா கண்மூடிய நாள்வரை வந்த ஓய்வூதியம், வட்டி, வாடகை எல்லாம் அவருடைய வருமானம். அதற்கான வரிக்கு வாரிசுகளே பொறுப்பு என்கிறது வருமான வரிச் சட்டம். வருமான வரித் துறையிடம் வாரிசு என்று பதிவுசெய்துகொண்டு, அவருடைய பான் எண்ணிலேயே கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவள் நான். இறந்தவர் கணக்கை முடிக்க வரும் குடும்பங்களைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சிக்கல் எப்போதும் அந்த ஒரே ஆண்டில்தான். இறந்த நாள்வரை வந்த வட்டி அவர் கணக்கில் சேரும், அதற்குப் பிறகு வந்தது வாரிசுகள் கணக்கில். வங்கிக்குத் தகவல் போகாவிட்டால் பிடித்தம் செய்த வரி முழுவதும் இறந்தவர் பான் எண்ணிலேயே ஏறிக்கொண்டிருக்கும். உரிய பங்கை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வங்கியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்திக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் தனி, அது சித்தியின் வருமானம். ஓய்வூதியமும் ஒரு வைப்புக் கணக்கும் மட்டும் உள்ள வீட்டில் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம். நிலம், பங்குகள், வாடகை, வெளிநாட்டில் ஒரு மகன் என்றால் ஆடிட்டர் கட்டாயம் வேண்டும்.

குறுக்குவழி ஒன்று ஊரெல்லாம் நடக்கிறது. இறந்தவரின் கைபேசி வீட்டில்தான் இருக்கிறது, கடவுச்சொல் பையனுக்குத் தெரியும். ஓடிபி வந்ததும் அவர் உயிரோடு இருப்பது போலவே கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். "இதுதாங்க சுலபம்" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. கணக்கின் கடைசியில் இருக்கும் உறுதிமொழி இறந்தவர் வாயால் சொல்வது. அதை இன்னொருவர் அவர் பெயரில் கொடுப்பது பொய்யான உறுதிமொழி. அப்படி யோசனை சொல்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். முறையாகப் பதிவுசெய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. இறப்புச் சான்றிதழ், இறந்தவர், வாரிசு இருவரின் பான் அட்டை, வாரிசு என்பதற்கு ஓர் ஆதாரம் இவைதான் முக்கியம். தாசில்தார் தரும் சான்றிதழ் தாமதமானால் அரசின் குடும்ப ஓய்வூதியச் சான்றே அந்த ஆதாரமாகும்.

இறந்தவர் பெயருக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்றும், இறப்பைத் துறைக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை வாரிசுகளுக்கு இல்லை என்றும் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காட்டிச் சும்மா இருந்துவிடலாம் என்கிறார்கள். நோட்டீஸ்தான் செல்லாது, வரிக்கடன் அங்கேயே நிற்கிறது. துறையிடமிருந்து திரும்ப வர வேண்டிய பணம் இருந்தால், கணக்கைப் போடாமல் அதுவும் வராது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அந்த ஆடிட்டர் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். நம் வீடுகளில் மூத்தவரின் ஆடிட்டரே அப்பா கணக்கையும் பார்ப்பார். கட்டிக்கொடுத்த மகளிடம் ஒரு தாளைக்கூடக் காட்ட மாட்டார்கள், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். வாரிசுகளின் பொறுப்பு இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான். ஆனால் வரி பாக்கி இருக்கும்போதே சொத்தை விற்றாலோ பிரித்துக் கொடுத்தாலோ, அந்தச் சொத்தின் மதிப்புவரை, அப்படிச் செய்த வாரிசு சொந்தக் கையிலிருந்து கட்ட நேரும். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடும் மகளுக்கு அந்தப் பாக்கி எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நிலத்திலும் இதே கதைதான். மகள் தன் பங்கை நாளைக்கு விற்றால், லாபத்தைக் கணக்கிட அப்பா வாங்கிய விலை வேண்டும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மதிப்பீட்டாளர் சான்று வேண்டும். அந்தக் கிரயப் பத்திரமும் சான்றும் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருந்தால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? ஆடிட்டர் கட்டணத்தை அப்பா விட்டுப்போன பணத்திலிருந்தே கொடுங்கள். அப்போதுதான் அவர் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்பவராக இருக்க மாட்டார். தாக்கல் செய்த கணக்கு, வைப்புத்தொகை விவரம், பத்திர நகல் எல்லாம் ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு படி போக வேண்டும். வேலையை ஒப்படைக்கும்போதே இதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வங்கிகளும் கருவூலங்களும் இதில் கொஞ்சம் கைகொடுக்கலாம். துக்க வீட்டார் முதலில் ஏறுவது அவர்கள் படியைத்தான். கணக்கை முடிக்கும் படிவத்தோடும் குடும்ப ஓய்வூதிய ஆணையோடும் தமிழில் ஒரு பக்கத் தாள் சேர்த்துக் கொடுத்தால் போதும். கடைசிக் கணக்கை யார் போட வேண்டும், எப்படிப் பதிவுசெய்வது, ஜூலை 31க்குள் என்ன முடிய வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கட்டும். அந்தத் தாள் மகள் கையிலும் ஒன்று போகட்டும்.