சேர்ந்தவர்கள் சரி, முடித்தவர்கள் எத்தனை?

ஒவ்வொரு மே மாதமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பள்ளிக்கூட காம்பவுண்டுச் சுவர்களில் பேனர் ஏறிவிடும். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை 2017ல் அரசு நிறுத்திய பிறகும் இந்தச் சதவீத மோகம் மட்டும் குறையவே இல்லை.

2025ல் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகளில் மட்டும் ஏறக்குறைய 92. நல்ல விஷயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஒரு நாளும் ஏறாத எண் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பள்ளியில் பாஸ் செய்து கல்லூரிக்குப் போனார்களே, அவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் டிகிரியை முடித்தார்கள்? தலைமையாசிரியரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

தி.நகர் என்ற பெயரில் இருக்கிற தியாகராயர் யார் என்று ரங்கநாதன் தெருவில் நின்று கேட்டால் பத்தில் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம். மதராஸ் மாநகராட்சிக்குத் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர்தான் அவர். 1920ல் ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாடு சில வருடங்களில் நின்றும் போனது. பிறகு 1956ல் காமராஜர், 1982ல் எம்.ஜி.ஆர்., 2022ல் காலை உணவு. கதை எல்லோருக்கும் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு தட்டு சோற்றை வைத்தார்கள். அதனால்தான் பலித்தது.

இன்றைக்கு அந்த இடம் மாறிவிட்டது. அஞ்சாம் வகுப்பில் நிற்கிற பிள்ளை இப்போது சென்னையில் அபூர்வம். கல்லூரி இரண்டாம் வருடத்தில் நிற்கிற பிள்ளை அபூர்வமே இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2007ல் நுழைவுத் தேர்வு போனது. 2010ல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2020ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று அதன் விரிவாக்கம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய். ப்ளஸ் டூ முடித்துவிட்டு எங்கேயும் சேராமல் இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க "உயர்வுக்குப் படி" என்று முகாம்கூட நடக்கிறது. இந்தியாவில் வேறு எந்த மாநிலம் இவ்வளவு மெனக்கெடுகிறது?

ஆனால் இதில் ஏறக்குறைய எல்லாமே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிற வேலை.

தமிழ்நாடு மார்தட்டிக்கொள்ளும் புள்ளிவிவரமும் வாசல் கணக்குதான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்திய சராசரி 28.4, தமிழ்நாடு 47. பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு, கல்லூரிகளில் பெயர் பதிவாகியிருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். ஒரே ஆள் சேர்ந்து, தொடர்ந்து படித்து, முடித்தாரா என்று அது சொல்லாது. கல்யாண மண்டபத்தில் உள்ளே வந்தவர்களை எண்ணிவிட்டு, பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கேட்காமல் விடுவது போல.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். மந்தைவெளி கால்வாய் ஓரம் வீடு. அம்மா அபிராமபுரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அப்பா பெயிண்டர், வேலை இருக்கிற நாளில். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 600க்கு 430 வாங்கியிருக்கிறாள். கடற்கரையோரம் ராணி மேரி இருக்கிறது (1914ல் தொடங்கிய கல்லூரி, 2003ல் அதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் பார்த்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடிக் காப்பாற்றினார்கள்). அண்ணா சாலையில் காயிதே மில்லத் இருக்கிறது. பி.காம். கிடைக்கிறது. கட்டணம் பெரிதாக இல்லை, சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை, மாதம் ஆயிரம் வருகிறது. எல்லாம் கூடி வந்திருக்கிறது.

முதல் செமஸ்டரில் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் ஆங்கிலம். வரலாறு, பொருளாதாரம் போன்ற பாடங்களையாவது சில கல்லூரிகளில் தமிழ் வழியில் படிக்கலாம். எல்லோரும் விழுந்தடித்துக் கேட்கிற பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பற்று, வரவு, பேரேடு என்று பள்ளியில் நன்றாகவே புரிந்த கணக்குப்பதிவியல் இப்போது டெபிட், கிரெடிட், லெட்ஜர் என்று வேறு வேஷம் போட்டு நிற்கிறது. கணக்கு அவளுக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை. இரண்டு பேப்பர் அரியர்.

அரியர் என்றால் மறுபடி எழுதலாம், அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒவ்வொரு அரியருக்கும் தேர்வுக் கட்டணம் உண்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் அந்த நாலு வீட்டுக்கும் இவள் போனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதற்குக் காண்டோனேஷன் என்று தனியாகப் பணம். இன்னும் இறங்கினால் அந்த செமஸ்டர் எழுதவே முடியாது. நாலாவது செமஸ்டரில் கையில் ஆறு அரியர் இருக்கும்போது, "இது எனக்கு வராது போல" என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். யாரும் அவளை வெளியே தள்ளவில்லை. டி.சி. வாங்கக்கூடப் போக மாட்டாள். ஒரு திங்கட்கிழமை வராமல் போவாள், அவ்வளவுதான்.

அரியர் எத்தனை பெரிய பூதம் என்று 2020ல் ஊருக்கே தெரிந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி, கட்டணம் கட்டியிருந்தவர்களின் அரியர் தேர்வுகளை எல்லாம் ரத்து செய்து பாஸ் போட்டுவிடுவதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அவரைக் கடவுளாக்கிப் போஸ்டர் ஒட்டினார்கள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம், மீம்ஸ் போட்டோம். பிறகு உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்வு நடத்தச் சொன்னது. சிரித்தவர்களில் எத்தனை பேர், இத்தனை லட்சம் அரியர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தார்கள்?

பையன்கள் கதை இன்னும் மோசம். 2025 ப்ளஸ் டூவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. பள்ளியிலேயே பின்தங்கித்தான் வருகிறார்கள். பல அரசுக் கல்லூரிகளில் ஷிஃப்ட் முறை இருப்பதால் அரை நாள் வகுப்பு, அரை நாள் வேலை என்று ஆரம்பிப்பார்கள். கேட்டரிங், பந்தல், உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை, இப்போது முதுகில் பையோடு சாப்பாடு டெலிவரி. கல்லூரி தருவது மாதம் ஆயிரம். வெளியே பத்தாயிரத்துக்கு மேல், அதுவும் இந்த மாதமே. வீட்டில் வாடகை பாக்கி இருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் எதை எடுப்பான்? "அங்காடித் தெரு" (2010) படம் வந்தபோது தி.நகர் கடைப் பையன்களுக்காக ஊரே உருகியது. அந்த நாயகனும் நன்றாகப் படித்து, அப்பா இறந்ததால் கடைக்கு வந்தவன்தான். 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நல்லது. ஆனால் அந்தப் பையன் திரும்பிக் கல்லூரிக்குப் போக எந்த வழியும் வரவில்லை.

இன்னொரு காரணம் வகுப்பறைக்குள் இல்லவே இல்லை. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரக் குடியிருப்புகளை எடுத்துவிட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். நீதிமன்ற உத்தரவு, நீர்நிலைப் புறம்போக்கு, எல்லாம் சட்டப்படிதான். ஒருவர் தீக்குளித்து இறந்தார். பொதுத் தேர்வு நடந்த மாதம் அது. மந்தைவெளியிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நடந்து போகிற தூரத்தில் இருந்த கல்லூரி ஒரே நாளில் இரண்டு பஸ் தூரம் ஆகிவிடுகிறது. ஏழரை மணிக்கே கிளம்ப வேண்டிய பிள்ளையின் வருகைப்பதிவு குறைந்தால் அதைக் கல்லூரி ரெஜிஸ்டர் "ஒழுங்கின்மை" என்று எழுதிக்கொள்ளும்.

டிகிரி மட்டும்தான் வாழ்க்கையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் டிகிரி வைத்திருப்பவர்கள்தான் கேட்பார்கள் :-) தொழில் கற்றுக்கொள், கடை வை என்பதெல்லாம் நியாயமான யோசனைகள்தான். ஆனால் இங்கே பேச்சு கல்லூரிக்கே போகாதவர்களைப் பற்றி இல்லை, போய் இரண்டு வருடத்தைச் செலவழித்தவர்களைப் பற்றி. குரூப் 2வுக்கு டிகிரி வேண்டும். வங்கித் தேர்வுக்கு டிகிரி வேண்டும். இரண்டே முக்கால் வருடம் படித்தவனும் விண்ணப்பத்தில் ப்ளஸ் டூ என்றுதான் போட வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை இதற்கு ஒரு வழி சொல்கிறது: ஒரு வருடத்தில் விட்டால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் விட்டால் டிப்ளமோ. விழுகிறவனைப் பிடிப்பதற்குப் பதில் விழுந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்கிற யோசனை அது. தமிழ்நாடு அதை எதிர்ப்பது சரிதான். ஆனால் எதிர்ப்பவர்கள் விழுகிறவர்களை எண்ணவாவது வேண்டாமா?

எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ. அங்கே உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் ஒரு அறிக்கை விட்டார்கள். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேரும் 100 பேரில், இருபதுகளின் நடுவில் பட்டம் கையில் வைத்திருக்கப் போவது பத்துப் பேர்கூட இல்லை என்று கணக்கு சொன்னது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட, ஊரே கூனிக்குறுகிப் போனது. அதன் பிறகு பள்ளிவாரியாக எத்தனை பேர் கல்லூரி சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று வருடா வருடம் வெளியிட ஆரம்பித்தார்கள். கணக்கு போட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் தலைமையாசிரியர்கள் பேசுகிற விஷயம் மாறியது. எந்தக் கல்லூரிக்கு அனுப்பினால் நம் பிள்ளைகள் முடிக்கிறார்கள், எங்கே போனால் பாதியில் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எண்ணியது ரொம்ப முக்கியம். ப்ளஸ் டூ முடித்தவர்களை மட்டும் எண்ணினால், நம் ஊர்ப் பள்ளிகள் என்ன செய்யும் என்று தெரியாதா? மார்க் வராத பையனை ப்ளஸ் ஒன்னிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு சதவீதம் காட்டுகிற வித்தை இங்கே பழசு. எண்ணுவதை ஒன்பதிலேயே தொடங்கிவிட்டால் அந்த வித்தை பலிக்காது.

தமிழ்நாட்டுக்கு இது சிகாகோவைவிடச் சுலபம். பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எமிஸ் எண் இருக்கிறது. கல்லூரி மாணவருக்கு யுமிஸ் எண் இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. யார் எந்தப் பள்ளியில் படித்து எந்தக் கல்லூரியில் எந்த வருடம் படிக்கிறார் என்று தெரியாமல் அந்த ஆயிரத்தைப் போட முடியாது. ஆக, ஒரு பெண்ணுக்கு நாலாவது செமஸ்டரில் பணம் நிற்கிறது என்றால், ஒன்று வங்கியில் ஏதோ கோளாறு, இல்லையென்றால் அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டில் எது என்று ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். சேராதவர்களைத் தேடி முகாம் போடுகிற அதே அதிகாரிகள், நின்றுபோனவர்களின் பட்டியலையும் அதே கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கலாம். நின்று மூன்று வருடம் கழித்து இல்லை, நின்ற மாதமே.

புதுமைப் பெண் தொடங்கிய 2022ல் முதல் வருடம் சேர்ந்தவர்கள் 2025ல் மூன்றாண்டுப் படிப்பை முடித்திருக்க வேண்டும். முதல் தொகுப்பு அது. எத்தனை பேருக்கு முதல் மாதப் பணம் போனது, எத்தனை பேருக்குக் கடைசி மாதம் வரை போனது, எத்தனை பேர் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கினார்கள்? மூன்று எண்கள். பள்ளிவாரியாக, கல்லூரிவாரியாக வெளியிட்டால் அடுத்த மே மாதம் காம்பவுண்டுச் சுவரில் தேர்ச்சி சதவீதத்துக்குக் கீழே அவற்றுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.