ஒப்புதல் என்னும் உரிமை

அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர்களில் மரமேறிப் பிழைக்கும் உழைப்பாளர் பலர். தென்னையிலிருந்து தவறி விழும் ஒருவரது வாழ்வு ஒரே நொடியில் மாறிவிடக்கூடும். மூளையின் கட்டளையை உடலுக்கும், உடலின் உணர்வை மூளைக்கும் கொண்டுசெல்வது தண்டுவடம். அது காயமுற்றால், அவ்விடத்துக்குக் கீழுள்ள உறுப்புகள் இயக்கத்தையும் உணர்வையும் இழக்கக்கூடும். உயரத்திலிருந்து விழுதலும் சாலை விபத்தும் நம் நாட்டில் இதற்கு முதன்மைக் காரணங்கள். முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடத்தை முழுமையாகச் சீராக்கும் மருத்துவமோ இன்னும் கண்டறியப்படவில்லை.

அதனைக் கண்டறிய ஆய்வு வேண்டும். ஆய்வுக்குத் தாமே முன்வரும் மனிதர் வேண்டும். புதிய மருந்தையும் மின்தூண்டலையும் சோதிப்பது மட்டுமே ஆய்வன்று. படுக்கைப்புண்ணையும் சிறுநீர்த்தொற்றையும் தடுக்கும் வழியைத் தேடுவதும் ஆய்வே. குருதிக்கொடை ஓர் உயிருக்கு உடனே உதவுகிறது. ஆய்வில் பங்கேற்பவரோ, தமக்குப் பயன் கிட்டுமா என்பதை அறியாமலே, முகமறியாத பிறருக்காகத் தம் உடலையும் காலத்தையும் அளிக்கிறார். இது போற்றுதற்குரிய கொடை.

ஆயினும், விரும்பி அளிப்பதே கொடையாகும். மீண்டும் நடக்க ஏங்கும் ஒருவர், நம்பிக்கை தரும் எச்சொல்லுக்கும் தலையசைப்பார். அவ்வேக்கத்தை விலையாக்கி, சோதனை நிலையில் உள்ளதைச் சிகிச்சை என்று விற்போரும் உளர். குருத்தணு எனப்படும் ஸ்டெம் செல்லைத் தண்டுவடக் காயத்துக்குச் செலுத்துவதை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே அதனை மேற்கொள்ளலாம். பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் பெறுதல் கூடாது. பணம் கேட்கப்படும் இடத்தில் ஐயம் எழ வேண்டும்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் பங்கேற்பாளருக்குக் காப்பாக நிற்கின்றன. நெறிமுறைக் குழுவின் இசைவின்றி ஆய்வு தொடங்கலாகாது. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் கட்டணமில்லா மருத்துவமும் இழப்பீடும் வழங்கப்படல் வேண்டும். பங்கேற்பவர் எந்நிலையிலும் விலகிக்கொள்ளலாம்.

சட்டம் மட்டும் போதுமா? வாழ வழியற்றவர் தரும் ஒப்புதல் உண்மையில் உரிமையுடன் தரப்படுவதாகாது. 1954இல் விபத்தில் தண்டுவடம் காயமுற்ற மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர்க்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். நடக்க இயலாதவருக்கும் நிறைவான வாழ்வு உண்டென்பதற்கு அவரே சான்று. சக்கர நாற்காலியும் சாய்தளமும் பயிற்சியும் பணியும் கிட்டியவரே, ஆய்வுக்கு அழைப்பு வரும்போது அச்சமின்றி 'ஆம்' எனவும் 'இல்லை' எனவும் கூற வல்லவர். ஆகவே, தன்னார்வலரை வேண்டும் சமூகம் முதலில் மறுவாழ்வை வழங்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. எழுத்தறியாப் பெற்றோர் உள்ள வீட்டில் அதனைப் படித்துப் பொருளுரைப்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளையே. இவ்வாய்வின் நோக்கம் என்ன? தீங்கு என்ன? மறுத்தால் வழக்கமான மருத்துவம் தொடருமா? இவ்வினாக்களை எழுப்பி, விடை கிடைத்த பின்னரே கையொப்பமிடச் செய்வது கற்றவர் கடமையாகும்.